மேஜைக்கு அந்தப் பக்கம் யார்?

சென்ற வாரம் ஓசூரில் நமது கட்சி அலுவலகத்துக்கு ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். தகப்பன் ரோஜாத் தோட்டத்தில் தினக்கூலி. தாய்க்கு சிப்காட்டில் காண்ட்ராக்டரிடம் வேலை. மகள் சர்க்கார் கலைக் கல்லூரியில் பி.ஏ. முடித்திருக்கிறாள். அந்த வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

“தோழர், பாப்பா மேலே படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. கம்பெனிக்குப் போனா மாசம் நாலு காசு வரும்னு ஊர்ல சொல்றாங்க. நீங்களே ஒரு வழி சொல்லுங்க” என்றார் தகப்பன்.

மகள் தயங்கவில்லை. “அண்ணா, அம்மாவுக்கு மெஷின்ல விரல் போனப்ப ஆபீஸ் ஆபீசா நானும்தான் கூட அலைஞ்சேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க கேட்டது அம்மாவுக்குப் புரியலை. அம்மா சொன்னது அவங்களுக்குப் புரியலை. அந்த நாற்காலிக்குப் போக என்ன படிக்கணும்?” என்றாள்.

நல்ல கேள்வி. ஒரு பெண்ணின் கேள்வி மட்டுமல்ல இது. ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளி வீடுகளிலும் கூலி விவசாயி வீடுகளிலும் இன்று எழுந்திருக்கிற கேள்வி. ஆகவே இந்த வாரம் இதையே பேசுவோம்.

எத்தனை மேஜைகள்!

உழைப்பாளியின் வாழ்க்கையில் எத்தனை மேஜைகள் குறுக்கே நிற்கின்றன! தகராறு வந்தால் சமரசம் பேசும் தொழிலாளர் அதிகாரி. ஆலையைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர். ஆலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் லேபர் வெல்பேர் ஆபீசர். ஈ.எஸ்.ஐ., பி.எப். அலுவலகங்கள். கிராமத்துக்குப் போனால் பி.டி.ஓ., தாசில்தார், ஆதிதிராவிடர் நல அலுவலர். சட்டம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அது தொழிலாளியின் கைக்கு வருவதும் வராததும் இந்த மேஜைகளில்தான் தீர்மானமாகிறது.

1948-ம் ஆண்டு பாக்டரி சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் வெல்பேர் ஆபீசர் இருந்தாக வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21-ல் மத்திய சர்க்கார் 29 தொழிலாளர் சட்டங்களைக் கரைத்து நான்கு தொகுப்புகளாக்கி அமலுக்குக் கொண்டுவந்தது. அதில் இந்த எண்ணிக்கை 250 ஆகக் குறைந்திருக்கிறது. காகிதத்தில் இது நமக்கு லாபம்தான். ஆனால் அதே தொகுப்பு இன்ஸ்பெக்டரின் பெயரையே மாற்றிவிட்டது. இனி அவர் சோதிப்பவர் மட்டுமல்லவாம், வசதி செய்து கொடுப்பவரும்கூடவாம்! யாருக்கு வசதி? எந்திரத்தில் விரலை இழந்தவளுக்கா, அந்த எந்திரத்துக்குக் காப்பு மாட்டாத முதலாளிக்கா?

ஆகவே அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார், எந்த வீட்டிலிருந்து வந்தவர், எந்தப் பாஷையில் பேசுகிறார் என்பது இன்று முன்னைவிட முக்கியமான விஷயம்.

ஓசூரின் கதை

எழுபதுகளில் கேழ்வரகு விளைந்த பூமியில் சிப்காட் எழுந்தது. பின்னால் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-ல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. இன்று எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளும் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் வந்துவிட்டன. பல ஜில்லாக்களிலிருந்தும் வடக்கேயிருந்தும் இளம் பெண்கள் வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள்.

இந்த ஆலைகளுக்குக் கைகள் வேண்டும். அந்தக் கைகளைத் தயாரிக்க ஐ.டி.ஐ. உண்டு, பாலிடெக்னிக் உண்டு, என்ஜினீயரிங் கல்லூரிகள் உண்டு. சரி, அந்தக் கைகளுக்கு நியாயம் கிடைக்கச் செய்யும் படிப்பு எங்கே இருக்கிறது?

அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்ன பதில் இது.

தொழிலாளர் துறையில் நுழைய விரும்பினால், தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. 1973-ல் மாநில சர்க்கார் ஏற்படுத்திய ஸ்தாபனம். அங்கே தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ.யும் எம்.ஏ.யும் உண்டு. தொழிலாளர் நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயமும் உண்டு. வெல்பேர் ஆபீசர் உத்தியோகத்துக்கு இவை ஏற்ற தகுதிகள். ஆனால் அது இருப்பது சென்னையில். ஓசூரிலிருந்து 300 கிலோமீட்டர்.

இரண்டாவது வழி, சமூகப் பணியில் முதுகலை. எம்.எஸ்.டபிள்யூ. என்பார்கள். 1952-ல் துவங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி முதல் பல கல்லூரிகளில் இது உண்டு. சர்க்கார் உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவென்றால் கட்டணத்தைக் கேட்டே வீட்டில் விளக்கு அணைந்துவிடும்.

மூன்றாவது வழி, பொது நிர்வாகத்தில் எம்.ஏ. பஞ்சாயத்து முதல் செக்ரடேரியட் வரை ராஜாங்க இயந்திரம் எப்படிச் சுழல்கிறது, பட்ஜெட் எப்படிப் போடுகிறார்கள், ஓர் உத்தரவு எங்கே பிறந்து எங்கே செத்துப் போகிறது என்பதைச் சொல்லிக் கொடுக்கும் படிப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லிக் கொடுக்கும் துறை இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்கு 2002-ல் ஏற்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

வழிகள் இல்லாமலில்லை. ஆனால் இளங்கலையிலிருந்து முதுகலைக்குப் போகும் பாலத்தில் நம் பிள்ளைகள் கால் வைக்கும் இடத்திலேயே பலகைகள் பெயர்ந்து கிடக்கின்றன.

பெயர்ந்து கிடக்கும் பலகைகள்

முதல் பலகை பணம். 2022 செப்டம்பர் 5-ல் துவங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் துவங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வந்தவை. வரவேற்கத்தக்கவை. இந்த ஆயிரத்தால் பஸ் சார்ஜும் மத்தியானச் சாப்பாடும் கண்டவர்கள் நம்மிலேயே அநேகம் பேர். ஆனால் அவை வகுக்கப்பட்டபோதே இளங்கலை, டிப்ளமோ, ஐ.டி.ஐ. என்பதோடு கோடு கிழித்துவிட்டார்கள். எம்.ஏ. என்றதும் அந்த ஆயிரமும் நின்றுபோகிறது. செலவு கூடுகிற இடத்தில் உதவி நிற்கிறது!

உபகாரச் சம்பளம் இருக்கிறதே என்பார்கள். தலித் மாணவர்களுக்கான மத்திய சர்க்காரின் போஸ்ட் மெட்ரிக் உபகாரச் சம்பளத்தை 2020 டிசம்பரில் திருத்தி அமைத்தார்கள். மத்திய சர்க்கார் 60 பங்கு, மாநில சர்க்கார் 40 பங்கு என்று ஏற்பாடு. ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்கு மிகக் கூடாது என்ற வரம்பு அப்படியே நின்றது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தகப்பனுக்கு நாள் கூலி 500 ரூபாய், மாதம் 22 நாள் வேலை என்றால் 11,000. தாய்க்குக் காண்ட்ராக்டர் கொடுப்பது 11,000. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 2,64,000. முடிந்தது, வரம்பு தாண்டியாயிற்று! கணவனும் மனைவியும் முதுகொடிய உழைத்த குற்றத்துக்காகப் பிள்ளையின் உபகாரச் சம்பளம் போய்விடும்.

இதே சர்க்கார்தான் 2019-ல் மற்ற ஜாதிகளிலுள்ள பொருளாதாரத்தில் நலிந்தோருக்கென்று 10 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தது. அங்கே நலிந்தவர் என்பதற்கு வரம்பு எவ்வளவு? ஆண்டுக்கு 8 லட்சத்துக்குக் கீழ்! ஒருவருக்கு ஏழ்மை 8 லட்சம் வரை நீள்கிறது. சேரிப் பிள்ளைக்கு இரண்டரை லட்சத்தோடு ஏழ்மை தீர்ந்துவிடுகிறது. இந்தத் தராசைப் பிடித்த கை எந்த வர்க்கத்தின் கை, எந்த ஜாதியின் கை என்று விளக்கவும் வேண்டுமா?

இரண்டாவது பலகை பாஷை. மத்திய பல்கலைக்கழகங்களில் முதுகலை சேர 2022 முதல் கியூட் என்ற அகில இந்தியப் பரீட்சை வந்தது. இளங்கலைக்கான பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். முதுகலைப் பரீட்சையிலோ, மொழிப் பாடங்கள் போன்ற சிலவற்றை நீக்கினால் மற்றவற்றுக்கு ஆங்கிலமும் ஹிந்தியும்தான். மூன்றாண்டு தமிழில் பொருளாதாரமோ வரலாறோ படித்துத் தேறிய பிள்ளை, திருவாரூரில் தமிழ் மண்ணிலேயே இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகத்தின் வாசலில் பாஷையால் தடுக்கப்படுகிறாள்.

மூன்றாவது பலகை எல்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். அங்கே தேசிய சட்டப் பள்ளி 2014 முதல் பொதுக் கொள்கையில் முதுகலை நடத்தி வருகிறது. ஆங்கிலத்தில் பரீட்சை, லட்சங்களில் கட்டணம். கர்நாடக சர்க்காரின் கல்லூரிகளுக்குப் போகலாமென்றால் இன்னொரு சுவர். ஒரு மாநிலத்து ஜாதிச் சான்றிதழைக் காட்டி இன்னொரு மாநிலத்தின் இட ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று 1990-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. முதலாளியின் லாரி எல்லையைத் தாண்டி இரவு பகலாகப் போய் வருகிறது. கூலிக்கு ஆளை ஏற்றிப் போகும் வேனும் தாண்டுகிறது. கூலிக்காரன் மகளின் சான்றிதழ் மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது!

இந்தப் பக்கம் திரும்பினால், நமது ஜில்லாக் கல்லூரிகளுக்குத் தலைமையான பெரியார் பல்கலைக்கழகம் சேலத்தில். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து வந்த சிறு பாதையையும் யுத்த காலத்தில் பிடுங்கிவிட்டார்கள். போக வர பஸ்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இது மூன்று பாஷை பேசும் சீமை. தளிப் பக்கம் கன்னடம் பேசும் கூலிக்காரனும், ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் தொழிலாளியும் நம் வர்க்கத்துச் சகோதரர்களே. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில சர்க்கார் உத்தியோகங்களில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் திருத்தி, பள்ளிப் படிப்பு முதலே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஏழைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது நல்ல கவசம். ஆனால் எல்லைப்புறத்தில் தாய்மொழியில் படித்த தெலுங்கு, கன்னடக் கூலி வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கவசம் இல்லை. அவர்களுக்கும் வழி காணும்படி கேட்பது நமது கடமை. ஒரு பாஷைக்காரனை இன்னொரு பாஷைக்காரன் மேல் ஏவிவிட இங்கே ஆள் தயாராயிருக்கிறார்கள். அந்த வலையில் நாம் விழமாட்டோம்.

யாருக்கு இலவசம்?

வெள்ளையன் 1855-ல் ஐ.சி.எஸ். உத்தியோகத்துக்குப் போட்டிப் பரீட்சை வைத்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றான். ஆனால் பரீட்சை லண்டனில்! கப்பல் கட்டணம் உள்ளவனுக்கே கலெக்டர் நாற்காலி. இந்தியாவிலும் பரீட்சை நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று கப்பல் தேவையில்லை. கட்டணமும் பாஷையும் அந்தக் கடலின் வேலையைச் செய்கின்றன.

படிப்புக்குச் செலவழிக்க சர்க்காரிடம் பணமில்லையா? இருக்கிறது. 1954-ல் டில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் ஏற்பட்டது. ஏற்கெனவே உத்தியோகத்தில் இருக்கும் பெரிய அதிகாரிகளை அங்கே அனுப்பி, சம்பளமும் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். நமக்கு எதிரே பெங்களூரிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகமும் 2002-ல் அதிகாரிகளுக்காகப் பொதுக் கொள்கைப் படிப்பைத் துவக்கியது. அதிகாரிகள் படிப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் நாற்காலியில் இருப்பவருக்குச் சம்பளத்தோடு படிப்பு, நாற்காலிக்கு வெளியே நிற்கும் ஏழைக்குக் கடனோடு படிப்பு என்றால், இது என்ன நியாயம்?

2022-ல் மாநில சர்க்கார் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என்று ஒன்றைத் துவக்கி 30 இளைஞர்களைச் சேர்த்தது. மாதம் 50,000 ரூபாய் சம்பளம், மேல் செலவுக்கு 10,000. சர்க்கார் இலாகாக்களிலேயே இரண்டாண்டு பழகிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குள் நுழைய என்ஜினீயரிங், மருத்துவம், சட்டம், விவசாயம் போன்ற தொழிற்கல்விப் பட்டம் முதல் வகுப்பில் வேண்டும். அல்லது கலை, அறிவியலில் முதுகலை முதல் வகுப்பில் வேண்டும். அதாவது பி.ஏ.யோடு நிற்கிற பிள்ளைக்கு அங்கே கதவு திறக்காது. முதுகலை என்பது அலங்காரமல்ல, சாவி என்பது இதிலிருந்தே விளங்குகிறது. அந்தச் சாவி கிடைக்கும் வழியைத்தான் மேலே பார்த்தோம்.

மத்தியில் என்ன நடந்தது? 2024 ஆகஸ்ட் 17-ல் ஜாயிண்ட் செக்ரடரி, டைரக்டர், டெபுடி செக்ரடரி என்று 45 உயர் பதவிகளுக்கு வெளியார் நேரே வரலாம், தனியார் கம்பெனிகளில் இருப்பவர்களும் வரலாம் என்று விளம்பரம் வந்தது. இட ஒதுக்கீடு கிடையாது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. மூன்றே நாளில், ஆகஸ்ட் 20-ல், விளம்பரம் வாபஸ்! இதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. முதலாளி வீட்டுக்கு ராஜாங்கத்தின் கொல்லைக் கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கிறது என்பது ஒன்று. ஜனங்கள் சத்தம் போட்டால் அது சாத்தப்படும் என்பது இன்னொன்று.

2018 பிப்ரவரியில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் மாணவர்கள் மும்பையில் வேலைநிறுத்தம் செய்ததும் இந்தப் பாலத்துக்காகவே. உபகாரச் சம்பளம் பெறும் தலித், பழங்குடி, பிற்பட்ட மாணவர்களுக்கு இருந்த விடுதி, சாப்பாட்டுக் கட்டணச் சலுகையை நிறுத்தியதை எதிர்த்து அவர்கள் வகுப்புகளைப் பகிஷ்கரித்தார்கள். துளஜாபூர், ஹைதராபாத், கௌஹாத்தி கிளைகளிலும் தீ பரவியது. சமூக சேவையைச் சொல்லிக் கொடுக்கும் இடத்திலேயே சமூகத்தின் அடித்தட்டுப் பிள்ளைக்குச் சோறு போடுவது கேள்வியாயிற்று!

முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவிலேகூட 2007-ல் ஒரு சட்டம் செய்தார்கள். படிப்புக்கு மத்திய சர்க்காரிடம் கடன் வாங்கியவர் சர்க்கார் வேலை போன்ற பொதுப் பணியிலிருந்து 120 மாதத் தவணை கட்டிவிட்டால் மீதிக் கடன் தள்ளுபடி. அங்கே படிப்பு பகற்கொள்ளை விலையில் விற்கிறது என்பதும் உண்மை. ஆனாலும் பொதுப் பணிக்குப் போகிறவன் கழுத்தில் கடன் கயிறு கிடக்கக் கூடாது என்ற அளவுக்காவது அவர்களுக்குப் புத்தி வந்தது. நமது ஆட்சியாளர்களுக்கு?

“அதிகாரி ஆனால் மாறிவிட மாட்டானா?”

நமது தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: “ராஜாங்கமே முதலாளி வர்க்கத்தின் கருவி என்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை அதில் போய் உட்கார்ந்தால் அவனும் அவர்களில் ஒருவனாகிவிட மாட்டானா?”

நேர்மையான கேள்வி. ஆகிவிடலாம். அப்படி ஆனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஓர் அதிகாரி நல்லவரானால் ராஜாங்கம் மாறிவிடும் என்று நாம் ஒருக்காலும் சொல்லவில்லை. சங்கம் இல்லாத இடத்தில் நல்ல அதிகாரியும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பார்.

ஆனால் 1917-ல் புரட்சிக்குச் சற்று முன்னால் லெனின் சொன்னதை நினைவுபடுத்துவோம். சமையல்காரியும் கூலியாளும் நாளைக்கே ராஜ்யத்தை நடத்திவிடுவார்கள் என்று தாம் கனவு காணவில்லை என்றார் அவர். ராஜ்ய நிர்வாகம் பணக்காரர்களுக்கே உரியது என்ற எண்ணத்தை உடைத்தெறிய வேண்டும், உழைக்கும் ஜனங்களுக்கு அந்த வேலையைக் கற்பிப்பதை உடனே துவங்க வேண்டும் என்பதே அவர் கோரியது. 1871-ல் பாரிஸ் கம்யூன் அதிகாரிகளின் சம்பளத்துக்கு உச்சவரம்பு கட்டியது. பதவி என்பது சேவை, கொள்ளை அல்ல என்று காட்டியது. நிர்வாகத்தைக் கற்காத வர்க்கம் நிர்வாகத்தைக் கைப்பற்றினாலும் நடத்த முடியாது. கற்பதற்கு இன்றே வழி தேட வேண்டும்.

மேலும், மேஜைக்கு அந்தப் பக்கம் போகிறவள் அம்மாவின் அறுந்த விரலை மறக்காமலிருப்பது அவள் கையில் மட்டும் இல்லை. நம் கையிலும் இருக்கிறது. சங்கம் அவளைப் படிக்க வைத்தால், சங்கத்தின் கூட்டங்களில் அவள் வளர்ந்தால், அவள் நம்மவளாகவே இருப்பாள். தனியாக விட்டுவிட்டு, பிறகு மாறிவிட்டாள் என்று ஏசுவதில் அர்த்தமில்லை.

நம் குறையும் உண்டு

இங்கே நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். போனஸுக்காகப் போராடினோம். நிரந்தரத்துக்காகப் போராடினோம். கூலிக்காக, மனைப்பட்டாவுக்காகப் போராடினோம். பிள்ளையின் மேல்படிப்புக்காக எத்தனை கேட் மீட்டிங்கில் பேசினோம்? பெண் பிள்ளை பி.ஏ. முடித்ததே பெரிது, கம்பெனிக்கு அனுப்பு என்று நாமும் சொல்லியிருக்கிறோம். அது தவறு. திருத்திக்கொள்வோம்.

சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் கிளைகளும் உடனே செய்யக்கூடிய வேலைகள் இவை. பட்டப்படிப்புக் கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை எடுங்கள். வருமானச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், தமிழ் வழியில் படித்த சான்றிதழ் ஆகியவற்றைக் கடைசி நேரம் வரை விடாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சங்க அலுவலகத்தில் ஞாயிறு தோறும் ஒரு வகுப்பு நடத்துங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் சட்டம் தெரிந்த தோழர்களையும் கூப்பிடுங்கள். நுழைவுப் பரீட்சைக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு ஒரு ஷிப்டுத் தொழிலாளர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டால் போதும்.

மத்திய, மாநில சர்க்கார்களிடம் நாம் கேட்பது இவை:

தொழிலாளர் கல்வி நிலையத்தின் கிளை ஒன்று ஓசூரில் வேண்டும். ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் படிக்க மாலை வகுப்பு வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்ட சர்க்கார் கல்லூரிகளில் பொது நிர்வாகம், சமூகப் பணி முதுகலை வகுப்புகள் தமிழ் வழியில், சுயநிதி என்ற பெயரில்லாமல், நடக்க வேண்டும்.

மாதம் 1,000 ரூபாய் உதவியை உயர்த்தி, முதுகலை முடியும் வரை தர வேண்டும். உபகாரச் சம்பளத்துக்கு வருமான வரம்பு 8 லட்சமாக வேண்டும். கல்லூரி கட்டணம் கேட்கும் நாளுக்கு முன்னால் பணம் வந்து சேர வேண்டும்.

முதுகலை நுழைவுப் பரீட்சையைத் தமிழிலும் மற்ற இந்திய பாஷைகளிலும் எழுத உரிமை வேண்டும். எல்லைப்புற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தகுந்த பாதுகாப்பு வேண்டும்.

பொதுப் பணியில் சேர்ந்து ஊழியம் செய்கிறவர்களின் கல்விக் கடன் தள்ளுபடியாக வேண்டும்.

இவை பிச்சையல்ல. ஓசூர் ஆலைகளில் உற்பத்தியாகும் ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு கைக்கடிகாரத்திலும் இந்தத் தொழிலாளியின் வியர்வை இருக்கிறது. அதிலிருந்து வரி போகிறது. அந்த வரியில் அவன் பிள்ளைக்குப் படிப்பு கேட்கிறோம், அவ்வளவுதான்.

வந்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விண்ணப்பத்தை அலுவலகத்திலேயே உட்கார்ந்து பூர்த்தி செய்தோம். கட்டணத்தில் ஒரு பகுதியைத் தோழர்கள் திரட்டினார்கள். தகப்பன் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்: “ரெண்டு வருஷம்தானே தோழர், எப்படியோ ஓட்டிடுவோம்.” அந்த “எப்படியோ” என்ற சொல்லில் எத்தனை பட்டினி, எத்தனை ஓவர்டைம், எத்தனை கந்து வட்டி அடங்கியிருக்கிறது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

ஒரு குடும்பத்தின் “எப்படியோ”வில் இந்தப் பாலம் நிற்கக் கூடாது. சர்க்கார் பணத்தில், எல்லோருக்கும் பொதுவாய், உறுதியாய் நிற்க வேண்டும். அதற்காக ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் பேசுவோம், திரளுவோம், போராடுவோம்!